நாயோடு ஜெர்மனிக்கு: டிக்கெட்டுக்கு முன்னால் ஊசி

ஜூன் மாதம் வேலையில் சேர வேண்டும் என்று கடிதம் வந்த பிறகுதான் பலருக்கும் நாயின் நினைவு வருகிறது. மே மாதம் நாய்க்கான ஏற்பாட்டைத் தொடங்கினால், எவ்வளவு பணம் கொட்டினாலும் செப்டம்பருக்கு முன்னால் நாய் பிராங்க்பர்ட்டில் இறங்க முடியாது. ஏஜென்ட் வைத்தாலும் இதே கதைதான். ஆள் பிடித்துச் சுருக்கக்கூடிய விஷயமல்ல இது. நாயின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுத்த தேதிக்கும் விமானம் தரையிறங்கும் தேதிக்கும் நடுவில் மூன்று மாதம் இருந்தே ஆக வேண்டும்.

காரணம் ரேபிஸ். ஐரோப்பிய ஒன்றியம் உலக நாடுகளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ரேபிஸ் கட்டுக்குள் இருப்பதாக ஏற்றுக்கொண்ட நாடுகள் ஒரு பட்டியலில் இருக்கின்றன. இந்தியா அதில் இல்லை. பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து வரும் நாய்க்குத் தடுப்பூசியும் 21 நாள் காத்திருப்பும் போதும். நம்மூர் நாய்க்கு அதோடு ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவையும் நிரூபித்தாக வேண்டும். இதைத்தான் டைட்டர் டெஸ்ட் என்கிறார்கள். மூன்று மாதக் காத்திருப்பு ஏன் என்றால், ரத்தம் எடுக்கும்போதே நோய்த்தொற்று உள்ளே இருந்திருந்தால் அந்த இடைவெளியில் அது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். விதியின் நியாயம் புரிந்துவிட்டால் அதிகாரியிடம் கெஞ்சிப் பார்க்கும் யோசனை வராது.

இந்தக் குறிப்பு சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு, உரிமையாளரோடு போகும் நாய்க்கானது. பிரான்சு, நெதர்லாந்து, இத்தாலிக்கும் அடிப்படை இதேதான். அயர்லாந்து, பின்லாந்து, மால்டாவுக்குக் கூடுதலாக நாடாப்புழு மருந்து உண்டு. போய்ச் சேர்வதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவர் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். பிரிட்டனுக்கும் அந்த மருந்து தேவை. அங்கே சாதாரண வளர்ப்பு நாயைப் பயணி மடியிலோ லக்கேஜாகவோ விமானத்தில் கொண்டு இறங்க முடியாது, கார்கோவாக மட்டுமே. அமெரிக்கா முற்றிலும் வேறு. 2024 ஆகஸ்ட் முதல் அங்கே நடைமுறையே மாறிவிட்டதால் பழைய அனுபவக் குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள்.

சிப், ஊசி, ரத்தம்

வரிசை முக்கியம். முதலில் மைக்ரோசிப், அதன் பிறகு ரேபிஸ் ஊசி, அதற்கும் பிறகு ரத்தம். சிப் போடுவதற்கு முன்னால் போட்ட ரேபிஸ் ஊசி எத்தனை இருந்தாலும் ஐரோப்பியக் கணக்கில் பூஜ்யம். எந்த நாய்க்குப் போட்டது என்று அந்த ஊசியால் நிரூபிக்க முடியாது என்பதே வாதம். சிப்பும் ஊசியும் ஒரே நாளில் போடலாம். ஆனால் சிப் போட்டு, ஸ்கேனரில் எண் படித்துப் பார்த்த பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும்.

சிப் ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில் இருக்க வேண்டும். அடையாளம் எளிது. எண்ணில் 15 இலக்கம் இருக்கும், 134.2 கிலோஹெர்ட்ஸ் ஸ்கேனரில் படிக்கும். ஒன்பது, பத்து இலக்கச் சிப் இருந்தால் ஸ்கேனரையும் நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். சென்னை மாநகராட்சியின் நாய் உரிமத்துக்காக ஏற்கெனவே சிப் போட்டிருந்தால் இன்னொன்று வேண்டாம். அதே சிப்பைப் படிக்க வைத்து 15 இலக்கமும் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே போட்ட சிப் சில நாய்களுக்குத் தோளுக்கோ முன்னங்கால் பக்கமோ நகர்ந்துவிடும். ஒருமுறை ஓடிய ஸ்கேனர் 'இல்லை' என்று சொன்னால் பதறாமல் கழுத்திலிருந்து முழங்கை வரை மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சிப்பின் ஸ்டிக்கர் மூன்று நான்கு தாளாக வரும். ஒன்றைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, மருத்துவரின் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடுங்கள்.

ரேபிஸ் ஊசிக்கு நாய்க்கு 12 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தொகுதி எண், தயாரிப்பாளர் பெயர், போட்ட தேதி, எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரம், இவை ஐந்தும் புத்தகத்தில் வேண்டும். இலவச முகாமில் போட்டு, சீல் மட்டும் குத்திய ஊசி நாயைக் காப்பாற்றும். இந்தக் காகித வேலைக்கு உதவாது.

ஒரு ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் வாழ்க்கையில் முதன்முறை ரேபிஸ் ஊசி போடும் நாய்க்கு, குறிப்பாகக் குட்டிக்கு, ஒரே ஊசியில் நிறுத்துவது சூதாட்டம். ரத்தம் உறைந்ததும் மேலே பிரியும் தெளிநீர்தான் சீரம். அதில் ஒரு மில்லிக்கு 0.5 சர்வதேச அலகு எதிர்ப்பொருள் இருந்தால்தான் தேர்ச்சி. முதல் ஊசிக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் உச்சத்துக்குப் போகும் அளவு, பிறகு சரசரவென்று இறங்கும். மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டாவது ஊசி போட்டால் உயரமும் கூடும், தங்கும் காலமும் கூடும். ஒரு ஊசியின் செலவை மிச்சம் பிடித்துவிட்டு டெஸ்டில் தோற்றால் மறுபடி ஊசி, மறுபடி 30 நாள், மறுபடி மூன்று மாதம்.

தேதி போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஜனவரி 5 சிப்பும் முதல் ஊசியும். பிப்ரவரி 2 இரண்டாவது ஊசி. மார்ச் 6 ரத்தம். அறிக்கை மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரட்டும், அதைப் பற்றிக் கவலை இல்லை. மூன்று மாதக் கணக்கு ரத்தம் எடுத்த நாளிலிருந்து ஓடும், அறிக்கை வந்த நாளிலிருந்து அல்ல. ஜூன் 6 தாண்டினால் பறக்கலாம். ஆக ஐந்து மாதம். ஜனவரியில் தொடங்குவதில் ஒரு வசதியும் உண்டு, கத்திரி வெயில் முடிந்த பிறகுதான் நாய் விமானம் ஏறும்.

ரத்தம் எடுப்பதில் நடக்கும் கோளாறுகளைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. மூன்று முதல் ஐந்து மில்லி ரத்தம் எடுத்தால் ஒன்று இரண்டு மில்லி சீரம் கிடைக்கும். உறையாமல் தடுக்கும் மருந்து தடவாத சாதாரணக் குழாயில் எடுக்க வேண்டும். வழக்கமான ரத்தப் பரிசோதனைப் பழக்கத்தில் ஊதா மூடிக் குழாயில் எடுத்துவிட்டால் வேறு ரத்தம்தான் எடுக்க வேண்டும். ரத்தம் தானாக உறைந்த பிறகு சுழற்றி, மேலே நிற்கும் சீரத்தை மட்டும் புதுக் குப்பிக்கு மாற்ற வேண்டும். அது வெளிறிய வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். ரோஸ் நிறமோ சிவப்போ தட்டினால் ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன என்று பொருள். அவசரமாகச் சிரிஞ்சை இழுத்தாலோ, மெல்லிய ஊசியில் எடுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ இப்படி ஆகும். இந்தப் பரிசோதனை உயிருள்ள செல்களின் மேல் நடப்பது. கெட்ட சீரம் அந்தச் செல்களையே கொன்றுவிடும். ஆய்வகம் முடிவு சொல்ல முடியாது என்று திருப்பி அனுப்பும். கிளினிக்கிலேயே குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நிறம் சரியில்லை என்றால் அன்றைக்கே வேறு சாம்பிள் எடுத்துவிடலாம், மூன்று வாரம் கழித்துத் தெரிந்து என்ன பயன்?

ஆய்வகம் ஐரோப்பிய ஆணையத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். பட்டியல் ஆணையத்தின் இணையதளத்தில் உண்டு. அனுப்பும் வாரத்தில் அதைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள், பட்டியல் மாறும். ரத்தம் எடுக்கும் முன்னால் மருத்துவர் சிப்பைப் படித்து அந்த எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எதிர்ப்பொருள் அளவை அல்ல, அந்த 15 இலக்கத்தை. ஒரு இலக்கம் புரண்டிருந்தால் உடனே திருத்தி வாங்க வேண்டும்.

ஒருமுறை தேர்ச்சி பெற்ற டைட்டர், ரேபிஸ் ஊசி விட்டுப்போகாமல் தொடரும் வரை ஆயுளுக்கும் செல்லும். 'அடுத்த ஊசி' என்று புத்தகத்தில் எழுதிய தேதிக்கு ஒரு நாள் பிந்தினாலும் சங்கிலி அறுந்துவிடும், அதன் பிறகு போடுவது முதல் ஊசியாகத்தான் எண்ணப்படும். காத்திருக்கும் மூன்று மாதத்துக்குள் அந்தத் தேதி விழுகிறதா என்று பார்த்து, விழுந்தால் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

இனம் என்ற கட்டம்

தடுப்பூசிப் புத்தகத்தில் இனத்தைக் கவனமின்றி நிரப்புவார்கள். கட்டுமஸ்தான நாட்டு நாய்க்கு 'பிட்புல் கலப்பு' என்று யாராவது விளையாட்டாக எழுதிவிட்டால் ஜெர்மனியில் அது விளையாட்டாக இருக்காது. பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர், இவற்றின் கலப்புகள் எல்லாவற்றையும் நாட்டுக்குள் கொண்டுவர 2001ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. மாநிலங்கள் தனித்தனியாகவும் பட்டியல் வைத்திருக்கின்றன. நாட்டு நாய் என்றால் இந்திய நாட்டு இனம் என்றே எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பிறந்த தேதி, நிறம், பெயரின் எழுத்து, இவையும் அப்படியே.

கூண்டு

மடியில் கொண்டுபோகலாமா என்பது முதல் கேள்வியாக வரும். ஜெர்மன் விமான நிறுவனமான லுப்தான்சாவில் பையோடு சேர்த்து 8 கிலோ வரை கேபினில் அனுமதி, பை 55×40×23 சென்டிமீட்டருக்குள். பொமரேனியனுக்கும் சிறிய டாக்ஸ்ஹவுண்டுக்கும் சரி. மற்ற எல்லாவற்றுக்கும் கீழே, சரக்கு அறைதான். அந்த அறை என்றதும் இருட்டும் குளிரும் மூச்சுத்திணறலும் கற்பனையில் வரும். நாய் போகும் அறைக்கும் பயணிகள் அறைக்கும் காற்றழுத்தம் ஒன்றுதான், வெப்பமும் கட்டுப்பாட்டில் இருக்கும், உயிருள்ள சரக்கு ஏறியிருப்பதாக விமானிக்கு எழுத்தில் தகவல் போகும். ஆபத்து வானத்தில் அல்ல, விமானம் ஏற்றும்வரை கொதிக்கும் தரையில் நிற்கும் நேரத்தில். சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானங்கள் இதற்கு வசதி. பகல் விமானத்தையும், நடுவில் வளைகுடா நகரத்தில் கோடைப்பகலில் மாறுவதையும் தவிருங்கள்.

பக், பாக்ஸர், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களைப் பல விமான நிறுவனங்கள் கீழே ஏற்றுவதே இல்லை. நாய் உடம்புச் சூட்டை மூச்சிரைத்துத்தான் தணிக்கும், இவற்றால் அது சரியாக முடியாது. இந்த நாய்கள் வைத்திருப்போர் சிப் போடும் முன்னால் விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுவது நல்லது.

கூண்டின் அளவுக்கு, விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் கணக்கு இருக்கிறது. நாயை நிற்க வைத்து நான்கு அளவு எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம். தரையிலிருந்து முழங்கை வரை. தோள்பட்டையின் அகலம். தரையிலிருந்து தலையுச்சி வரை உயரம், காது நிமிர்ந்த நாயென்றால் காது நுனி வரை. கூண்டின் நீளம் முதல் அளவோடு இரண்டாவதில் பாதி. அகலம் தோளைப் போல் இரண்டு மடங்கு. உயரம் நாயின் உயரமும் கீழே விரிக்கும் துணியின் தடிமனும். எல்லாம் உள்ளளவு. கடையில் சொல்வது பெரும்பாலும் வெளியளவு, டேப்பை உள்ளே விட்டுப் பாருங்கள்.

ஒரு லாப்ரடார் 85, 30, 26, 66 என்று வந்தால் உள்ளே 100 நீளம், 52 அகலம், 70 உயரம் தேவை. வெளியே 102×69×76 சென்டிமீட்டர் என்று விற்கும் கூண்டு அநேகமாகப் பொருந்தும், நீளத்தை மட்டும் உள்ளே சரிபார்க்க வேண்டும். நீண்ட கால் ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் இது பத்தாது. நின்றால் தலை 80 சென்டிமீட்டருக்கு வரும் நாய்க்கு 122×81×89 கூண்டு வரை போக வேண்டும். இங்கேதான் செலவு எகிறுகிறது. கார்கோவில் எடைக்கல்ல, இடத்துக்குக் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 6,000ஆல் வகுத்து வரும் எண்ணும் உண்மையான எடையும், எது பெரிதோ அதற்குக் கட்டணம். லாப்ரடார் கூண்டுக்கு அது சுமார் 89 கிலோ. ராஜபாளையம் கூண்டுக்கு 147 கிலோ. நாயும் கூண்டும் சேர்ந்து தராசில் 40 கிலோதான் காட்டும். உடன் போகும் பயணியின் லக்கேஜாக ஏற்ற விமான நிறுவனம் சம்மதித்தால் இந்தக் கணக்கிலிருந்து தப்பிக்கலாம். பெரும்பாலும் கூண்டின் அளவைப் பொறுத்து ஒரே தொகை. கோயம்புத்தூர், மதுரையிலிருந்து சிறிய விமானத்தில் ஏறிச் சென்னையில் மாற நினைத்தால், இந்த உயரக் கூண்டு அந்த விமானத்தின் சரக்குக் கதவுக்குள் நுழையுமா என்பதை முதலில் கேளுங்கள். காரில் சென்னை வந்துவிடுவதுதான் பெரும்பாலும் நிம்மதி.

வாங்கிய கூண்டில் செய்ய வேண்டியவை சில உண்டு. மேல்பாதியும் கீழ்பாதியும் பிளாஸ்டிக் கிளிப்பில் இணைந்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு எல்லாத் துளையிலும் இரும்பு போல்ட் நட்டு முடுக்குங்கள். கதவு உலோகக் கம்பியாக இருக்க வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்றுங்கள். காற்றுத்துளை நான்கு பக்கமும் வேண்டும். தண்ணீர்க் கிண்ணமும் சாப்பாட்டுக் கிண்ணமும் கதவின் உட்பக்கம் மாட்டி, கதவைத் திறக்காமல் வெளியிலிருந்து ஊற்ற முடிகிறதா என்று பாருங்கள். தண்ணீரை முந்தின நாளே கிண்ணத்தோடு ஃப்ரீசரில் உறைய வையுங்கள். ஏற்றும்போது சிந்தாது, உருக உருக நக்கிக்கொள்ளும். அடியில் ஈரம் உறிஞ்சும் பாய், மேலே வீட்டு வாசம் உள்ள பழைய பெட்ஷீட். வைக்கோல் வேண்டாம். கழுத்துப்பட்டையும் கயிறும் உள்ளே இருக்கக்கூடாது, கம்பியில் மாட்டி இறுக்கிவிடும்.

கூண்டு நாய்க்கு வீடாக வேண்டும், அதற்கு இரண்டு மாதம் கொடுங்கள். ரத்தம் எடுத்த வாரமே வாங்கிக் கூடத்தில் போட்டு, கதவைக் கழற்றி வைத்து, சாப்பாட்டை உள்ளேயே வையுங்கள். பிறகு கதவை மாட்டி ஐந்து நிமிடம், அரை மணி, ஓர் இரவு. கடைசிக் கட்டமாகக் கூண்டோடு காரில் ஏற்றிச் சுற்றி வரலாம். பழகாத நாய் கம்பியைக் கடித்துப் பல் உடைத்துக்கொள்ளும், நகத்தைப் பிய்த்துக்கொள்ளும்.

தூக்க மருந்து வேண்டவே வேண்டாம். மயங்கிய நாய்க்கு ரத்த அழுத்தம் இறங்கும், உடல் சூட்டைச் சமாளிக்க முடியாது, கூண்டு சாயும்போது கால் ஊன்றி நிற்கவும் முடியாது. மயக்கத்தில் இருப்பதாகத் தெரிந்தால் விமான நிறுவனமே ஏற்றாது.

கடைசிப் பத்து நாள்

டிக்கெட் வாங்கும் முன்பே விமான நிறுவனத்துக்குப் போன் செய்து நாய்க்கு இடம் உறுதி செய்யுங்கள். ஒரு விமானத்தில் இத்தனை கூண்டுதான் என்று அளவு உண்டு. இணையத்தில் டிக்கெட் வாங்கிவிட்டு அப்புறம் நாயைச் சேர்க்கப் போனால் இடமிருக்காது. வேறு நிறுவனத்தின் எண்ணில் விற்ற டிக்கெட் என்றால், உண்மையில் விமானத்தை ஓட்டுகிற நிறுவனத்தின் விதிதான் செல்லும்.

ஐரோப்பிய சுகாதாரச் சான்றிதழில் அரசு கால்நடை அதிகாரி கையெழுத்திட வேண்டும். சென்னையில் அது மத்திய அரசின் விலங்கு தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்புத் துறை, பள்ளிக்கரணையில் இருக்கிறது. ஏ.கியூ.சி.எஸ். என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நாயையும் நேரில் கொண்டுபோக வேண்டும். பாஸ்போர்ட், டிக்கெட், தடுப்பூசிப் புத்தகம், சிப் சான்று, டைட்டர் அறிக்கையின் மூலம், உங்கள் கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்நலச் சான்று, நாயின் புகைப்படம் எல்லாம் இரண்டு நகலோடு எடுத்துச் செல்லுங்கள். கையெழுத்தான நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஜெர்மன் அதிகாரி அதைப் பார்த்தாக வேண்டும். ஆகவே விமானத்துக்கு நான்கைந்து நாள் முன்னால் வாங்குவது சரியான நேரம். விமானம் ரத்தானாலும் கையில் சில நாள் மிச்சமிருக்கும், பிழை இருந்தால் திருத்தவும் அவகாசம் இருக்கும்.

படிவம் ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்ந்த பதிப்பாக இருக்க வேண்டும். அதில் உங்களுக்குப் பொருந்தாத வாக்கியங்களை அதிகாரி அடித்துவிட்டு, அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் முத்திரையும் போட வேண்டும். முத்திரையும் கையெழுத்தும் அச்சு எழுத்தின் நிறத்தில் இருக்கக்கூடாது, நீல மையே நல்லது. அடிக்க மறந்த வாக்கியமும் சுருக்கொப்பமில்லாத அடிப்பும்தான் தரையிறங்கியதும் பேச்சு வாங்கித் தருபவை. அங்கிருந்து நகரும் முன் எல்லாப் பக்கத்தையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நாய் உங்களுக்கு ஐந்து நாள் முன்போ பின்போ போகலாம். அதைத் தாண்டினால் வணிக இறக்குமதி ஆகிவிடும், அதற்கு விதியே வேறு.

கிளம்பும் நாளில் விமானத்துக்கு நான்கைந்து மணி முன்னால் பாதி அளவு சாப்பாடு, தண்ணீர் தாராளமாக. நகம் வெட்டி, நன்றாக நடக்க விட்டு அழைத்து வாருங்கள். கூண்டை வீட்டிலேயே பிளாஸ்டிக் டையால் கட்டி மூடிவிடாதீர்கள். விமான நிலையத்தில் நாயை வெளியே எடுத்து நீங்கள் பிடித்துக்கொள்ள, வெறும் கூண்டு ஸ்கேனருக்குள் போய் வரும். அதற்குப் பிறகுதான் கதவின் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் டை. உபரியாகச் சிலவற்றைக் கூண்டின் மேல் ஒட்டி வையுங்கள். கயிறு கைப்பையில் இருக்கட்டும்.

பிராங்க்பர்ட்டில், சுங்கத்திடம் அறிவிக்க வேண்டியது இருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சுங்க அதிகாரியிடம் தாள்களைக் காட்ட வேண்டும். சிப்பைப் படித்து எண்ணை ஒத்துப் பார்ப்பார்கள். பச்சை வழியில் நழுவினால் தாளெல்லாம் சரியாக இருந்தும் சிக்கல். தாள் தப்பென்றால் உங்கள் செலவில் தனிமைப்படுத்துவார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு வேலை. நகராட்சியில் நாய் வரிக்குப் பதிவு செய்வது, அங்குள்ள கால்நடை மருத்துவரிடம் ஐரோப்பிய பெட் பாஸ்போர்ட் வாங்குவது. அந்தப் பாஸ்போர்ட்டில் சென்னை டைட்டர் முடிவையும் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். அது ஏறியிருந்து, ரேபிஸ் ஊசியும் விடாமல் தொடர்ந்தால், நாயோடு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.